தீப்பொறி வென்ட், கட்டர் வலை, அஞ்சடி சரளைக்கல்: கலிஃபோர்னியா வீட்டுக்காரங்களுக்கு ஒரு நீளமான ரிவ்யூ

காட்டுத்தீலேருந்து வீட்டைக் காப்பாத்த நாங்க பண்ண வேலைங்க பத்தின ரிவ்யூ இது, முதல்லயே தீர்ப்பை சொல்லிடறேன். ஃபயர் டிபார்ட்மென்ட்காரங்க இலவசமா வந்து பண்ற வீட்டு ஆய்வுக்கு அஞ்சுக்கு அஞ்சு. வீட்டுக்குள்ள காத்து போற ஓட்டைக்கு மாட்டற, தீப்பொறி உள்ள போகாத மாதிரி செஞ்ச வென்ட்டுக்கு நாலரை. வீட்டை சுத்தி அஞ்சடிக்கு எரியற பொருளே இல்லாம பண்ற வேலைக்கு கண்ணை மூடிட்டு அஞ்சு. கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கட்டர் மேல போடற வலைக்கு நாலு. கூரை மேல மாட்டற ஸ்பிரிங்க்ளருக்கு ரெண்டு, அதுவும் யோசிச்சுதான். நாங்க பேசின கான்ட்ராக்டர்ல ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு அஞ்சு, அதை கீழ விவரமா சொல்றேன். படிச்சு முடிச்சுட்டு காத்து கிளம்பற சீசனுக்குள்ள ஒரே ஒரு வேலையாவது உங்க வீட்டுல பண்ணிடுங்க, அதுக்காகத்தான் இவ்வளவு எழுதறேன்.

நாங்க இருக்கறது சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு கிழக்கே ஈஸ்ட் பே, ட்ரை-வேலி பக்கம். பின்னாடி புல்லு மலை, மே மாசம் வந்தா பச்சை போய் வைக்கோல் கலருக்கு மாறிடும். வீடு தொண்ணூறுகள்ல கட்டினது, அதாவது 2008-ல கலிஃபோர்னியா பில்டிங் கோடுல சாப்டர் 7ஏ-னு காட்டுத்தீக்கான விதிமுறை வர்றதுக்கு முன்னாடி. இந்த 2008ங்கறது சாதாரண விஷயம் இல்லைங்க. 2018 நவம்பர் 8-ம் தேதி பாரடைஸ் ஊர்ல கேம்ப் ஃபயர்னு பேர் வெச்ச காட்டுத்தீ வந்து 85 பேர் உயிர் போச்சு, 18,000 கட்டடத்துக்கு மேல அழிஞ்சுது, அப்புறம் பத்திரிகைக்காரங்க வீடு வீடா கணக்கு எடுத்து பார்த்தா 2008க்கு அப்புறம் கட்டின வீடுங்கள்ல கிட்டத்தட்ட பாதி சேதமே இல்லாம நிக்குது, அதுக்கு முன்னாடி கட்டினதுல அஞ்சுல ஒண்ணு கூட தேறல. அதே ஊரு, அதே காத்து, அதே நெருப்பு. நம்ம ஆளுங்க வீடு வாங்கறப்ப ஸ்கூல் ரேட்டிங் பாப்போம், வாசல் கிழக்கு பாத்திருக்கானு பாப்போம், கம்யூட் எவ்வளவுனு பாப்போம், வீடு கட்டின வருஷத்தை இந்தக் கோணத்துல யாரும் பாக்கறதில்ல.

"நம்ம வீடு என்ன காட்டுக்குள்ளயா இருக்கு"னு கேக்கறவங்கதான் எங்க ஃபிரெண்ட்ஸ்ல பாதி பேரு. அவங்களுக்கு நான் சொல்றது ரெண்டு மூணு ஊரு பேரு. 2017 அக்டோபர்ல டப்ஸ் ஃபயர் சான்டா ரோசாவுல ஆறு லேன் இருக்கற 101 ஃப்ரீவேயவே தாண்டி காஃபி பார்க்னு ஒரு சாதாரண சப்அர்ப் ஏரியாவுக்குள்ள பூந்துச்சு, அங்க காடும் இல்ல மலையும் இல்ல, நம்ம மாதிரி வேலைக்கு போற குடும்பங்க இருந்த இடம். 2021 டிசம்பர் 30, கொலராடோவுல மார்ஷல் ஃபயர், குளிர்காலத்துல, வெறும் காஞ்ச புல்லுல ஆரம்பிச்சு சுப்பீரியர், லூயிவில் பக்கம் ஆயிரத்துக்கு மேல வீடு ஒரே நாள்ல போச்சு. 2025 ஜனவரி 7-ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸும் ஆல்டடீனாவும் என்ன ஆச்சுனு எல்லாருமே டிவில பாத்தோம், ரெண்டு தீயும் சேந்து 16,000 கட்டடத்துக்கு மேல. எங்க பக்கமே 2013-ல மவுண்ட் டயாப்ளோவுல மோர்கன் ஃபயர் மூவாயிரம் ஏக்கருக்கு மேல எரிஞ்சுது. 2020 செப்டம்பர் 9 காலைல வானம் மொத்தமும் ஆரஞ்சு கலர்ல இருந்து, பத்து மணிக்கு லைட் போட்டுட்டு மீட்டிங்ல உக்காந்திருந்தோமே, அதை பே ஏரியாக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

இப்ப முக்கியமான விஷயம். வீடு எரியறது பெரும்பாலும் மலைலேருந்து நெருப்புச் சுவர் ஒண்ணு நடந்து வந்து இல்ல. கங்கு பறந்து வந்து. கார்த்திகை அன்னிக்கு கோயில் முன்னாடி சொக்கப்பனை கொளுத்தறப்ப பொறி பறக்குமே, அதை மணிக்கு 60, 70 மைல் காத்துல மணிக்கணக்கா ஒரு தெரு முழுக்க கொட்டினா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க. ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் தீ இருக்கறப்பவே உங்க வீட்டு கட்டர்ல கிடக்கற காஞ்ச இலை மேல, மிதியடி மேல, வீட்டை ஒட்டின மரத்தளம், அதாவது டெக்குக்கு அடியில, வென்ட் வழியா கூரைக்கு கீழ இருக்கற அட்டிக்குக்குள்ள வந்து உக்காந்துக்கும். அமெரிக்க ஃபாரஸ்ட் சர்வீஸ்ல ஜாக் கோஹன்னு ஒரு விஞ்ஞானி பல வருஷமா இதைத்தான் சொன்னாரு, வீடு தப்பிக்குமா இல்லையாங்கறதை தீர்மானிக்கறது வீடும் அதை சுத்தி இருக்கற நூறு அடியும்தான்னு. சவுத் கரோலினாவுல ரிச்பர்க்னு ஒரு ஊர்ல ஐபிஹெச்எஸ்னு இன்சூரன்ஸ் கம்பெனிங்க சேந்து நடத்தற ஆராய்ச்சி மையம் இருக்கு, 105 ராட்சச ஃபேன் வெச்சு முழு வீட்டையே உள்ள நிறுத்தி கங்குங்களை ஊதி டெஸ்ட் பண்றாங்க, அந்த வீடியோ யூட்யூப்ல இருக்கு, குடும்பமா உக்காந்து பாருங்க. வீட்டு ஓரத்துல மரப்பட்டை போட்ட பக்கம் பத்திக்கும், கல்லு போட்ட பக்கம் கங்கு விழுந்து தானா அணைஞ்சு போகும். எங்க வீட்டுக்காரரு அதை பாத்ததுக்கப்புறம்தான் கார்டன் பக்கம் செலவு பண்ணவே ஒத்துக்கிட்டாரு.

சரி, ரிவ்யூவுக்கு வர்றேன். முதல் சர்வீஸ், ஃபயர் டிபார்ட்மென்ட் ஆய்வு. உங்க ஏரியா ஃபயர் டிபார்ட்மென்ட் சைட்டுல போய், வீட்டை சுத்தி தீ பரவாம வெச்சுக்கற இடத்தை செக் பண்ற டிஃபென்சிபிள் ஸ்பேஸ் இன்ஸ்பெக்‌ஷன் இல்லைனா ஹோம் அசெஸ்மென்ட்னு தேடுங்க, நிறைய இடத்துல ஒரு பைசா வாங்கறதில்ல. இதுல ஒரு பயம் இருக்கு நம்ம ஆளுங்களுக்கு, கூப்பிட்டா ஃபைன் போட்டுடுவாங்களோ, இன்சூரன்ஸ்காரனுக்கு சொல்லிடுவாங்களோனு. எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கல, புக் பண்றப்பவே இது ஆலோசனைக்காக வர்றதா இல்ல சட்டப்படி செக் பண்ண வர்றதானு கேட்டுக்கலாம், தெளிவா சொல்லிடறாங்க. வந்த அம்மா பொறுமையா வீட்டை சுத்தி சுத்தி வந்தாங்க, ஒவ்வொரு இடத்துலயும் நின்னு "இங்க கங்கு விழுந்தா அடுத்தது என்ன பத்தும்"னு எங்களையே கேட்டாங்க. அந்த ஒரு கேள்வி போதும், அப்புறம் நீங்களே உங்க வீட்டை வேற கண்ணுல பாக்க ஆரம்பிச்சுடுவீங்க. கையில ஒரு ரிப்போர்ட்டும் குடுத்தாங்க, படத்தோட, எது முதல்ல எது அப்புறம்னு வரிசைப்படுத்தி. குறைனு சொன்னா, அட்டிக்குள்ள ஏற மாட்டாங்க, கூரை மேல ஏற மாட்டாங்க, எந்த பிராண்ட் வாங்கணும்னு வாயை திறக்க மாட்டாங்க. அது நியாயம்தான், அரசாங்க ஆளு ஒரு கம்பெனி பேரை சொல்லக்கூடாது. ஜூன், ஜூலைல கூட்டம் ஜாஸ்தி, அதனால மழை சீசன் முடியறப்பவே புக் பண்றது உத்தமம்.

அவங்க வரிசைல முதல் இடம் அந்த அஞ்சடிக்குத்தான். ஜோன் ஸீரோனு சொல்றாங்க, சுவத்துலேருந்து அஞ்சடி வரைக்கும். அதுக்கப்புறம் முப்பது அடி வரைக்கும் ஜோன் ஒன், நூறு அடி வரைக்கும் ஜோன் டூ. ஜோன் ஸீரோவுக்கு 2020லயே ஏபி 3074னு சட்டம் போட்டாங்க, விதிமுறை எழுதறதுலதான் இழுபறி, 2025 பிப்ரவரில கவர்னர் சீக்கிரம் முடிங்கனு உத்தரவு போட்டாரு. செடியை எல்லாம் பிடுங்க சொல்றீங்களானு எல்லா ஊர்லயும் சண்டை. எனக்கும் மனசு வலிச்சுது, நானே வெச்ச ரோஸ்மேரி, ஜன்னலுக்கு கீழ அழகா படர்ந்திருந்துச்சு. ஆனா ரோஸ்மேரி, ஜூனிப்பர், இத்தாலியன் சைப்ரஸ் இந்த மூணுலயும் எண்ணெய்ப் பிசின் ஜாஸ்தி, உள்ள காஞ்ச குச்சி நெறைய, வெளிய பச்சையா தெரிஞ்சாலும் பத்தினா குபுகுபுனு எரியும்னு அந்த அம்மா சொன்னப்புறம் ஜன்னலுக்கு அடியில அதை வெச்சுட்டு தூக்கம் வராது. ஜன்னல் கண்ணாடி சூட்டுல வெடிச்சா தீ நேரா ஹாலுக்குள்ள.

நம்ம வீட்டு வாசல்ல இருக்கற சாமான் பத்தி எந்த இங்கிலீஷ் கையேட்டுலயும் போட்டிருக்க மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். தேங்காய் நார் மிதியடி, இந்தியாலேருந்து ஆசையா தூக்கிட்டு வந்தது, கங்கு பிடிக்கறதுக்குனே செஞ்ச மாதிரி ஒரு பொருள். தீ பரவற அபாயம்னு ரெட் ஃப்ளாக் வார்னிங் வந்தா முதல் வேலையா அதை எடுத்து உள்ள போடுங்க, முடிஞ்சா ரப்பரும் இல்லாத இரும்பு கிராதி மாதிரி மிதியடிக்கு மாறிடுங்க. வாசக்கால்ல பொங்கலுக்கு கட்டின மாவிலைத் தோரணம் தீபாவளி வரைக்கும் சருகா தொங்கும் பல வீட்டுல, அதை கழட்டுங்க. பிளாஸ்டிக் தோரணமும் வேண்டாம், பித்தளை தோரணம் கிடைக்குது, அழகாவும் இருக்கு. ஷூ ரேக் மரத்துல இருந்தா, பக்கத்துல அமேசான் அட்டைப்பெட்டி குவிஞ்சிருந்தா, எல்லாம் கராஜுக்குள்ள. துளசிமாடம் பத்தி என் மாமியாருக்கு பெரிய கவலை, எடுக்கணுமானு. "அத்தை, துளசி பச்சையாத்தான் இருக்கு, மண்தொட்டி எரியாது, காஞ்ச கதிரை மட்டும் அப்பப்ப கிள்ளிடுங்க, சுவத்தை ஒட்டி இல்லாம கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்"னு சொன்னப்புறம்தான் நிம்மதி ஆனாங்க. இப்ப அது படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் தரைல நல்லா வெயில்ல இருக்கு, முன்னைவிட செழிப்பாவே வருது. கறிவேப்பிலைத் தொட்டியும் அதே மாதிரி, பிளாஸ்டிக் தொட்டிலேருந்து மண்தொட்டிக்கு மாத்தி பின்பக்கத் திறந்த தளத்து (பேட்டியோ) ஓரத்துக்கு போயாச்சு.

மரப்பட்டை மல்ச்சை அள்ளிட்டு சரளைக்கல் போட்டோம். அடியில துணி விரிச்சு மேல கல்லு, வேலை எல்லாம் குடும்பமா வார இறுதில பண்ணதுதான், முதுகு வலிச்சுது ஆனா ஆளு கூலி மிச்சம். ஒரு குறை என்னன்னா கல்லுக்கு மேல விழற இலையை பெருக்க முடியாது, ப்ளோயர் வேணும், இலையை அப்படியே விட்டுட்டா கல்லு போட்ட பலன் பாதி போச்சு. இன்னொண்ணு வேலி. மர வேலி வீட்டு சுவத்துல வந்து முட்டுமே, அது நெருப்புக்கு நேரா வீட்டுக்கு வர்ற வழி, அதனால வீட்டை ஒட்டின கடைசி அஞ்சடியை மட்டும் வெட்டிட்டு இரும்பு கேட் மாட்டினோம். பக்கத்து வீட்டுக்காரரு பாதி செலவு குடுத்தாரு, வீட்டுக்காரங்க சங்கம் ஹெச்ஓஏகிட்ட பர்மிஷன் கேட்டப்ப ஃபயர் டிபார்ட்மென்ட் ரிப்போர்ட்டை இணைச்சு அனுப்பினோம், சட்டுனு வந்துடுச்சு. இந்த ரிப்போர்ட்டுக்காகவாவது அந்த ஆய்வை பண்ணிக்கோங்க.

அடுத்தது வென்ட். இதுதான் நான் மனசார சிபாரிசு பண்ற சாமான். வீட்டு கூரை ஓரத்துக்கு அடியில, முக்கோண சுவத்து உச்சில, தரையை ஒட்டி க்ரால் ஸ்பேஸ்ல, எங்க பாத்தாலும் காத்து போறதுக்கு ஓட்டை வெச்சிருப்பாங்க. பழைய வீடுங்கள்ல அதுல கால் இன்ச் வலைதான் இருக்கும், எலி வராம இருக்க போட்டது, கங்கு தாராளமா உள்ள போகும். போய் எங்க விழும்? நம்ம வீட்டு அட்டிக்ல என்ன இருக்கும்? கொலு பொம்மை பெட்டி. பழைய பேப்பர்ல சுத்தி, அட்டைப்பெட்டில அடுக்கி, வருஷம் முழுக்க அங்கதான் தூங்கும். கங்குக்கு அதைவிட தோதான இடம் கிடையாது. வெளிய இருந்து பாத்தா வீட்டுக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும், உள்ளேருந்து எரிஞ்சுட்டு வரும். கொலு பொம்மையெல்லாம் இப்ப மூடி போட்ட டப்பால கீழ அலமாரிக்கு வந்தாச்சு, பாட்டி காலத்து மரப்பாச்சி உட்பட.

வென்ட்டுல ரெண்டு வழி இருக்கு. செலவு கம்மியான வழி, எட்டுல ஒரு பங்கு இன்ச் கண்ணு உள்ள இரும்பு வலை ரோல் வாங்கி பழைய வென்ட்டுக்கு பின்னாடி அடிக்கறது, ஹோம் டிப்போலயே கிடைக்கும், பிளாஸ்டிக் வலையோ கொசுவலையோ கூடாது, உருகிடும். இது பெரிய கங்குங்களை தடுக்கும், ஆனா பொடிப்பொறியும் தீ நாக்கும் உள்ள போகலாம். ரெண்டாவது வழி, டெஸ்ட் பண்ணி வர்ற வென்ட். வல்கன் வென்ட்ல தேன்கூடு மாதிரி அறைங்க இருக்கு, அதுல ஒரு பூச்சு, சூடு பட்டா அது உப்பி ஓட்டையை அடைச்சுக்கும், மத்த நாள்ல காத்து நல்லா போகும். பிராண்ட்கார்ட்ல உள்ள தகடுங்க வளைஞ்சு வளைஞ்சு இருக்கும், காத்து வளைஞ்சு போயிடும் கங்கு தட்டி கீழ விழுந்துடும். நாங்க மலையைப் பாத்த பக்கமும் முக்கோண சுவர்லயும் டெஸ்ட் பண்ணது, மத்த இடத்துல சாதா இரும்பு வலைனு கலந்து போட்டோம். சைஸைப் பொறுத்து ஒரு வென்ட்டே நூறு டாலரைத் தாண்டிடும், எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்துல போட முடியலைன்னா மலைப் பக்கம், காத்து வர்ற பக்கம் முதல்ல போடுங்க. அரை மார்க் ஏன் கொறைச்சேன்னா, கண்ணு சின்னதா இருக்கறதால தூசியும் நூலாம்படையும் சேருது, வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷ் போட்டு தட்டணும், பெயிண்ட் அடிக்கறவங்க அது மேல பெயிண்ட் அடிச்சுடாம பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும். வாங்கறப்ப ஸ்டேட் ஃபயர் மார்ஷல் லிஸ்ட்டுல இருக்கற மாடலானு கேளுங்க, ஏஎஸ்டிஎம் ஈ2886னு டெஸ்ட் நம்பர் போட்டிருக்கானு பாருங்க. "ஃபயர் ரெசிஸ்டன்ட்"னு சும்மா ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் கணக்குல வராது.

இப்ப கான்ட்ராக்டர் கதை. முதல்ல வந்தவரு வீட்டை சரியா சுத்திக்கூட பாக்கல, சோஃபால உக்காந்து டேப்லட்டை திறந்து ஆல்டடீனா படமா காட்டினாரு, பயமுறுத்திட்டு முழு வீட்டுக்கும் ஒரே பேக்கேஜ், சைடிங்லேருந்து ஜன்னல் வரைக்கும், இன்னிக்கே கையெழுத்து போட்டா தள்ளுபடி, பாதி பணம் அட்வான்ஸ்னாரு. கலிஃபோர்னியா சட்டப்படி வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் பத்து பர்சென்ட் இல்லைனா ஆயிரம் டாலர், இதுல எது கம்மியோ அதுக்கு மேல பெரும்பாலும் கேக்கக் கூடாது. அதை சொன்னதும் முகம் மாறிடுச்சு. வென்ட் எந்த மாடல்னு கேட்டா "எல்லாம் நல்ல குவாலிட்டி மேடம்" அவ்வளவுதான் பதில். அனுப்பிட்டோம். இந்த மாதிரி ஆளுங்க ஒவ்வொரு பெரிய தீக்கு அப்புறமும் கிளம்பி வர்றாங்க, ஊர்லேருந்து வந்து தங்கியிருக்கற அப்பா அம்மா தனியா இருக்கறப்ப கதவைத் தட்டினா அவங்க பாவம் என்ன பண்ணுவாங்க. லைசன்ஸ் நம்பரை கான்ட்ராக்டர் லைசன்ஸ் போர்டு சிஎஸ்எல்பி சைட்டுல போட்டு பாக்காம யாரையும் வேலைக்கு விடாதீங்க. ரெண்டாவது வந்தவரு சின்ன கடை வெச்சிருக்கறவரு, தானே ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுத்து காட்டினாரு, இந்த இடத்துக்கு விலை ஜாஸ்தி வென்ட் தேவையில்லைனு அவரே சொன்னாரு, ட்ரையர் வென்ட்டோட பிளாஸ்டிக் மூடி உடைஞ்சு தொங்கினதை காசு வாங்காம இரும்பு மூடியா மாத்தி குடுத்துட்டு போனாரு. கராஜ் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்ச இடைவெளியும் அவரு கண்ணுலதான் பட்டுச்சு, புது ரப்பர் பட்டை போட்டு அடைச்சோம்.

எங்க தெருவுல ஒரு தங்கச்சி இருக்கா, திருநெல்வேலிப் பொண்ணு. "அக்கா, எங்க வீடு ஓட்டு வீடுதானே, ஓடு எங்க எரியும், நாங்க எதுக்கு செலவு பண்ணணும்"னு கேட்டா. நியாயமான கேள்வி. ஓடு எரியாதுதான், தீயை நல்லா தாங்கற கிளாஸ் ஏ கூரைக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்ல. ஆனா வளைஞ்ச ஓட்டுக்கு ஓரத்துல, கட்டர் பக்கம், பாதி வட்டமா ஓட்டை தெரியுமே, அதுக்குள்ள குருவி கூடு கட்டும், எலி இலையை இழுத்துட்டு போய் வெக்கும். கங்கு அந்த ஓட்டை வழியா போய் ஓட்டுக்கு அடியில இருக்கற சருகுல விழுந்தா, ஓடு மேல பத்திரமா இருக்கும், அடியில பலகை எரியும். அதை அடைக்க பேர்ட் ஸ்டாப்னு ஒரு சாமான் இருக்கு, ரொம்ப செலவில்ல. அவ வீட்டுக்காரரு ஏணி போட்டு பாத்தப்ப ஓட்டைக்கு ஓட்டை கூடு. இப்ப அவங்களும் அடைச்சுட்டாங்க, அதுவும் குஞ்சு பொரிச்சு பறந்து போனதுக்கப்புறம், அவ கறாரா காத்திருந்து பண்ணா.

கட்டர் வலை பத்தி சுருக்கமா. இரும்பு இல்லைனா அலுமினிய வலை மட்டும், ஃபோம், பிளாஸ்டிக், பிரஷ் மாதிரி இருக்கறதெல்லாம் அதுவே எரியற சாமான். நாங்க போட்டது மெல்லிய ஸ்டீல் வலை, இலை உள்ள போறதில்ல, மழைத்தண்ணி நல்லா இறங்குது. ஆனா "இனிமே கட்டர் பக்கமே போக வேண்டாம்"னு விக்கறவங்க சொல்றதை நம்பாதீங்க, ஓக் இலையும் பைன் ஊசியும் வலை மேல படிஞ்சு நிக்குது, அக்டோபருக்கு முன்னாடி ஒரு தடவை தள்ளி விடணும்.

ஸ்பிரிங்க்ளர், ஜெல், பூச்சு ஸ்ப்ரே எல்லாம் நெறைய விளம்பரம் வருது. கூரை ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யணும்னா தண்ணி அழுத்தம் வேணும், கரண்ட் வேணும், காத்து தண்ணியை வேற பக்கம் அடிச்சுட்டு போகக்கூடாது. பாலிசேட்ஸ்ல மேட்டுப் பக்கம் தெருவோர தீயணைப்புக் குழாய் ஹைட்ரன்ட்லயே தண்ணி வத்திப் போச்சு, சான்டா யினெஸ் நீர்த்தேக்கம் ரிப்பேருக்காக காலியா கிடந்துச்சு. ஒவ்வொரு வீடும் ஸ்பிரிங்க்ளரை திறந்துட்டு ஓடினா ஃபயர் வண்டிக்கு வர்ற அழுத்தமும் கொறையும். சொந்தத் தண்ணித் தொட்டி, பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கற பெரிய தோட்ட வீட்டுக்காரங்களுக்கு அது சரி. நம்ம மாதிரி தெரு வீட்டுக்கு அந்தக் காசுல வீடு முழுக்க வென்ட் மாத்திடலாம்.

இன்சூரன்ஸுக்கு வர்றேன், ஏன்னா பாதி பேரு இந்த வேலைய ஆரம்பிக்கறதே அதுக்காகத்தான். 2023 மே மாசம் ஸ்டேட் ஃபார்ம் இங்க புது வீட்டு பாலிசியே நிறுத்தினாங்க, பல பேருக்கு ரின்யூவல் ஆகாம வேற கம்பெனி கிடைக்காதவங்களுக்கான ஃபேர் பிளானுக்கு போக வேண்டியதாச்சு, அது தீயை மட்டும்தான் முக்கியமா கவர் பண்ணும், தண்ணிக் கசிவு, திருட்டுக்கெல்லாம் தனியா இன்னொரு பாலிசி எடுக்கணும். 2022-ல கலிஃபோர்னியா இன்சூரன்ஸ் டிபார்ட்மென்ட் "சேஃபர் ஃப்ரம் வைல்ட்ஃபயர்ஸ்"னு ஒரு விதி கொண்டு வந்தாங்க. கூரை, அஞ்சடி, வென்ட், சுவத்தோட அடி ஆறு இன்ச் எரியாத பொருளா இருக்கணும், டெக்குக்கு அடியில சுத்தமா இருக்கணும்னு ஒரு பட்டியல், இதெல்லாம் பண்ணா கம்பெனிக்காரங்க டிஸ்கவுன்ட் குடுத்தே ஆகணும். உங்க வீட்டுக்கு அவங்க போட்டு வெச்சிருக்கற காட்டுத்தீ ஸ்கோர் என்னனு கேக்கற உரிமையும், தப்புனா அப்பீல் பண்ற உரிமையும் இருக்கு. எங்களுக்கு டிஸ்கவுன்ட் பெருசா ஒண்ணும் வரல, செலவழிச்ச காசு அதுல திரும்பி வரும்னு கணக்கு போடாதீங்க. போட்டோவும் பில்லும் ஒரு ஃபோல்டர்ல வெச்சு ஏஜென்ட்டுக்கு அனுப்பினோம், அவரு பேசற தொனியே மாறிடுச்சு, ரின்யூவல் தகராறு இல்லாம வந்துச்சு. இதுக்கு மேல ஒரு சான்றிதழ் வேணும்னா ஐபிஹெச்எஸ்காரங்களே வைல்ட்ஃபயர் ப்ரிபேர்ட் ஹோம்னு குடுக்கறாங்க, மூணு வருஷம் செல்லும், நாங்க டெக் வேலைய முடிச்சுட்டு அதுக்கு போடப் போறோம். வீட்டை விக்கற எண்ணம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு, தீ அபாயம் ஜாஸ்தினு மேப்புல குறிச்ச ஏரியாவுல வீட்டை விக்கணும்னா 2021 ஜூலைலேருந்து டிஃபென்சிபிள் ஸ்பேஸ் சரியா இருக்குனு காகிதம் காட்டணும். 2025-ல மாநில தீயணைப்புத் துறை கால் ஃபயர் புது மேப் விட்டிருக்காங்க, நிறைய சப்அர்ப் புதுசா உள்ள வந்திருக்கு, உங்க அட்ரஸ் போட்டு மஞ்சளா ஆரஞ்சா சிவப்பானு பாத்துக்கோங்க.

மொத்த செலவு எவ்வளவுனு எல்லாரும் கேக்கறாங்க. ஹெட்வாட்டர்ஸ் எகனாமிக்ஸ்னு ஒரு ஆய்வு நிறுவனம் 2024-ல கணக்கு போட்டுச்சு, முக்கியமான இடத்தை மட்டும் சரி பண்ணா ரெண்டாயிரம் டாலர்லேருந்து பதினஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சுடலாம், எல்லாத்தையும் உசத்தி சாமான்ல மாத்தினா லட்சத்தைத் தாண்டும்னு. எங்களுக்கு அந்த கீழ் வரிசைலதான் வந்துச்சு, ஏன்னா கூரை ஏற்கனவே நல்ல கூரை, கை வேலை பாதி நாங்களே பண்ணோம். காசே இல்லைனாலும் மிதியடி எடுக்கறது, கட்டர் சுத்தம் பண்றது, டெக்குக்கு அடியில கிடக்கற விறகையும் பழைய பெயிண்ட் டப்பாவையும் நகத்தறது, சுவத்தை ஒட்டின காஞ்ச செடியை வெட்டறது, இதுக்கெல்லாம் என்ன செலவு? அந்த அம்மா சொன்ன வரிசைல முதல் பக்கம் முழுக்க இந்த மாதிரி காசில்லாத வேலைதான்.

வீட்டோட நிறுத்திடாதீங்க, ஆளுங்களையும் தயார் பண்ணுங்க. வாட்ச் ட்யூட்டி ஆப் இலவசம், தீ எங்க இருக்குனு மேப்புல காட்டும், எங்க வீட்டுல எல்லார் போன்லயும் இருக்கு. ஜெனசிஸ் ப்ரொடெக்ட்ங்கற சைட்டுல உங்க எவாக்குவேஷன் ஜோன் நம்பரை பாத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. பாஸ்போர்ட், ஓசிஐ, க்ரீன் கார்டு, ஐ-797 பேப்பர், தாலி, ரெண்டு நாள் மாத்திரை ஒரே பையில. கராஜ் கதவு கரண்ட் போனா எப்படி திறக்கறதுனு ஊர்லேருந்து வந்திருக்கற பெரியவங்களுக்கு சிவப்புக் கயித்தை இழுத்துக் காட்டி பழக்குங்க. 2017 தீயில கரண்ட் போய் கராஜைத் திறக்க முடியாம உயிர் போனதுக்கப்புறம்தான் 2019 ஜூலைலேருந்து புது கராஜ் ஓப்பனர்ல பேட்டரி கட்டாயம்னு சட்டமே போட்டாங்க, பழைய ஓப்பனர் வீட்டுல அது இருக்காது. கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து வெச்சா க்ளெய்ம் பண்றப்ப உதவும், அதை இன்னிக்கே எடுத்து க்ளவுட்ல போடலாமே.

நம்ம வீட்டை மட்டும் சரி பண்ணி பக்கத்து வீடு பத்திக்கிச்சுனா அந்தச் சூடே நம்ம ஜன்னலை உடைச்சுடும், இங்க வீட்டுக்கு வீடு பத்தடிதான் இடைவெளி. அதனால தெருவா சேந்து பண்றதுதான் சரி. தீ பாதுகாப்பு சங்கம் என்எஃப்பிஏ-வோட ஃபயர்வைஸ் யுஎஸ்ஏ-னு ஒண்ணு 2002-லேருந்து நடக்குது, கொறைஞ்சது எட்டு வீடு இருந்தா போதும், சேந்து ஒரு ஆய்வு, ஒரு திட்டம், வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு மணி நேர வேலை, அதையும் இன்சூரன்ஸ் டிஸ்கவுன்ட் பட்டியல்ல சேத்துக்கறாங்க. எங்க தெருவுல தமிழ், தெலுங்கு, சைனீஸ், ஒரு ரிட்டயர்டு அமெரிக்கன் தாத்தா எல்லாம் சேத்து எட்டு வீடு தேத்தியாச்சு. முதல் வேலையா மலைப் பக்கம் இருக்கற வேலியோரப் புல்லை எல்லாரும் சேந்து வெட்டறோம், காலைல பத்து மணிக்குள்ள, வெயில் ஏறினப்புறம் மிஷின் பிளேடு கல்லுல பட்டு பொறி வந்தா அதுவே தீ வெச்சுடும்னு கால் ஃபயரே எச்சரிக்கறாங்க. ஆய்வுக்கு புக் பண்றவங்க தனியா பண்ணாதீங்க, ரெண்டு பக்கத்து வீட்டுலயும் கேட்டுட்டு ஒரே நாள்ல பக்கம் பக்கமா ஸ்லாட் வாங்குங்க, எங்களுக்கு அப்படி குடுத்தாங்க, வேலிப் பிரச்சனையை மூணு வீடும் நேர்ல நின்னு அங்கயே பேசி முடிச்சுட்டோம்.